பழைய டப்பாவிலும் அட்டையிலும் சாமான் பெட்டி செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் திருச்சியில் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். தையல் மெஷினை ஒட்டிய அலமாரியில் ஹூக், பாபின், ஜிப், நூல்கண்டு, எலாஸ்டிக் எல்லாமே செல்போன் வந்த பெட்டியிலும் மாத்திரை டப்பாவிலும் ஹார்லிக்ஸ் பாட்டிலிலும்தான் இருக்கின்றன. அளவு கொடுக்க வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தங்கள் வீட்டில் செய்து பார்க்கிறார்கள். தைத்ததை வாங்க வரும்போது சந்தேகத்தோடு வருகிறார்கள். ஒரே கேள்வியைப் பத்துப் பேர் கேட்டபிறகு எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

வீட்ல நிறைய டப்பா சேர்ந்து கிடக்கு. எதுல இருந்து ஆரம்பிக்கறது அக்கா?

டப்பாவிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். இடமில்லாமல் அலைகிற சாமான் எது என்று பாருங்கள். டிவிக்குக் கீழே சுருண்டு கிடக்கும் சார்ஜர் ஒயரா, குழந்தையின் கிளிப்பும் ரப்பர்பேண்டுமா, அடுப்படி டிராயரில் மஞ்சள் படிந்து கிடக்கும் பாதி பாக்கெட்டுகளா? ஒரே ஒரு டிராயரைக் கவிழ்த்துக் கொட்டி, ஒரே இனத்தை ஒரு குவியலாகப் பிரியுங்கள். எத்தனை குவியலோ அத்தனை அறை வேண்டும். எந்தக் குவியல் பெரியதோ அதற்குப் பெரிய அறை.

அஞ்சறைப் பெட்டியைச் செய்தவர் கடுகு, உளுந்து, சீரகம், வெந்தயம் என்று தினமும் கை போகிற சாமானை நினைத்துத்தான் கிண்ணங்களை அமைத்திருக்கிறார். காலியான கிண்ணம் ஐந்து கிடக்கிறதே, எதைப் போடலாம் என்று யோசித்திருந்தால் அந்தப் பெட்டி இத்தனை தலைமுறை அடுப்படியில் நின்றிருக்காது.

எந்த அட்டை நல்ல அட்டை?

நம் வீட்டுக்கு மூன்று வகை வருகிறது. பேஸ்ட், சோப்பு, மாத்திரை வரும் மெல்லிய அட்டை. பார்சல் வரும் நெளி அட்டை. செல்போன், செருப்பு, நல்ல ஸ்வீட் பெட்டிகளில் வரும் கெட்டி அட்டை. மெல்லியது தனியாக நிற்காது, ஆனால் டிராயருக்குள் வரிசையாக நெருக்கி அடுக்கினால் ஒன்றுக்கொன்று தாங்கிக்கொள்ளும். பேஸ்ட் அட்டையை நீளவாக்கில் ஒரு பக்கம் வெட்டிவிட்டால் பேனா, பிரஷ், குக்கர் விசில் வைக்கச் சரியான தொட்டி.

நெளி அட்டையில் மூணு பிளை, அஞ்சு பிளை என்று உண்டு. மூணு பிளை என்பது இரண்டு தாளுக்கு நடுவே ஒரு நெளி; கனம் சுமார் ஒரு நூல். (ஆசாரிகள் சொல்லும் நூல்தான், எட்டு நூல் ஒரு இஞ்ச்.) அஞ்சு பிளை ஏறக்குறைய இரண்டு நூல். சின்னப் பெட்டிக்கு மூணு பிளையே போதும், அஞ்சு பிளை மடிப்பதற்குள் கை வலித்துவிடும். முதல் தடவை செய்பவர்களுக்கு நான் சொல்வது செல்போன் பெட்டி. மூடியையும் அடியையும் தனித்தனியாக வைத்தால் வெட்டாமல் ஒட்டாமல் இரண்டு தட்டு கிடைத்துவிடும்.

அளந்துதான் செஞ்சேன், ஆனா டிராயருக்குள்ள உட்காரவே மாட்டேங்குது. ஏன்?

இதுதான் அதிகம் பேர் கேட்டது. காரணம் ஒன்றுதான்: அட்டையின் கனத்தைக் கணக்கில் சேர்க்காதது. தையலில் பிடிமானத்துக்குத் துணி விடுவதுபோல இங்கே சுவருக்கு இடம் விட வேண்டும்.

உங்கள் டிராயர் உள்ளே 14 இஞ்ச் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பெட்டி வேண்டும். பதினாலை மூன்றால் வகுத்து ஒவ்வொன்றுக்கும் நாலேமுக்காலுக்குக் கொஞ்சம் குறைவாக, அதாவது 37 நூல் உள்ளளவு வைத்து மடிக்கிறீர்கள். மூணு பிளையில் இரண்டு பக்கச் சுவரும் சேர்ந்தால் 39 நூல். மூன்று பெட்டிக்கு 117. டிராயரோ 112 நூல்தான். ஐந்து நூல், அரை இஞ்சுக்கு மேல் மிஞ்சி நிற்கிறது. உள்ளளவு நாலேகால் இஞ்ச் வைத்திருந்தால் மூன்றும் சேர்ந்து 108 நூல் வரும். துணி ஒட்டினாலும் இடம் இருக்கும், கைவிட்டுத் தூக்கவும் இடம் இருக்கும்.

இன்னொன்று, டிராயரை மேல் விளிம்பில் மட்டும் அளக்காதீர்கள். பழைய மர டிராயர்கள் அடியில் குறுகியிருக்கும். உயரத்தை அளக்கும்போது டிராயரை மூடிப் பாருங்கள். மேலே சட்டம் இடித்தால் அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும். எனக்கு இஞ்ச் டேப்பில் பழக்கம் என்பதால் இஞ்ச் கணக்கு. சென்டிமீட்டரில் செய்கிறவர்கள் ஒரு நூலுக்கு மூன்று மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

உள்ளே தடுப்பு வெச்சா ரெண்டே நாள்ல சாஞ்சுடுது.

ஒட்டியிருப்பீர்கள். ஒட்டத் தேவையில்லை. குறுக்குத் தடுப்பில் மேலிருந்து பாதி உயரம் வரை ஒரு வெட்டு, நெடுக்குத் தடுப்பில் கீழிருந்து பாதி உயரம் வரை ஒரு வெட்டு. இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று செருகினால் கட்டம் தானாக நிற்கும். வெட்டின் அகலம் அட்டையின் கனத்துக்குச் சரியாக, முடிந்தால் மயிரிழை குறைவாக இருக்கட்டும். அகலமாக வெட்டினால் ஆடும்.

அட்டையில் நெளி ஓடும் திசையையும் பார்க்க வேண்டும். நெளிக் குழாய்கள் மேலும் கீழுமாக நிற்கும்படி வைத்தால் தூண்கள் வரிசையாக நிற்பதுபோல எடை தாங்கும். படுக்கை வசமாக வைத்தால் கை அழுத்திய இடத்தில் மடங்கும். மடிப்புக் கோடு போட எழுதாத பால்பென்னை ஸ்கேல் ஓரமாக அழுத்தி இழுங்கள். கத்தியால் கீறினால் மேல்தாள் கிழிந்து, மூலை ஆறு மாதத்தில் விட்டுப்போகும்.

ஃபெவிகால் போட்டும் பிளாஸ்டிக் ஒட்டலையே?

ஒட்டாது. அந்த வெள்ளைப் பசையில் இருக்கும் தண்ணீர் வெளியேறினால்தான் அது இறுகும். அட்டை, துணி, மரம் எல்லாம் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் என்றால் தண்ணீர் போக வழியில்லை. காய்ந்தாலும் தோலாக உரிந்து வரும். பளபளப்பான அட்டையிலும் இதே தொல்லை. அங்கே ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பை எடுத்துவிட்டு ஒட்டுங்கள். ஒட்டியபிறகு துணி கிளிப் போட்டு அரை மணி, பாரம் வைத்து ஒரு ராத்திரி. இந்த ஒரு ராத்திரிக்குப் பொறுமை இல்லாமல் பத்து நிமிடத்தில் தூக்கிப் பார்ப்பவர்கள்தான் பசையைக் குறை சொல்கிறார்கள்.

பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் என்றால் செருப்பு ஒட்டும் ரப்பர் பசை ஓரளவு பிடிக்கும். இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத அளவு காயவிட்டு அழுத்த வேண்டும். ஆனால் ஐஸ்கிரீம் டப்பா, ஷாம்பு பாட்டில் மாதிரி மெழுகு வழவழப்பு உள்ளவற்றில் அதுவும் நிற்காது. அவற்றை ஒட்ட முயல்வதே வீண். ஓட்டை போட்டு நூலாலோ கம்பியாலோ கட்டிவிடுங்கள். கோணி ஊசியை இடுக்கியில் பிடித்துச் சூடுபண்ணிக் குத்தினால் சுத்தமான ஓட்டை விழும், ஜன்னல் திறந்திருக்கட்டும். ஹாட் குளூ கன் வேகமான வேலைக்கு நல்லது, ஆனால் வெயில் விழும் ஜன்னலோரத்தில் வைத்தால் இளகிவிடும்.

மைதா பசை போதாதா? எங்க பாட்டி அதுலதான் எல்லாம் ஒட்டுவாங்க.

ஒட்டுவதற்குப் போதும். ஒரு பங்கு மைதா, நாலைந்து பங்கு தண்ணீர், கட்டியில்லாமல் கரைத்துக் கண்ணாடி மாதிரி ஆகும்வரை கிளறினால் துணி ஒட்ட அதைவிட வாகான பசை இல்லை. தவறாக ஒட்டினால் நகர்த்தி வைக்கலாம்.

ஆனால் அது சாப்பாடு. நான் ஒரு கோடையில் ஆறு பெட்டிக்கு மைதா பசையில் மிச்சத் துணி ஒட்டி அழகாக அடுக்கினேன். ஐப்பசி மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் துணி ஓரமெல்லாம் அரித்திருந்தது, நெளி அட்டையின் குழாய்களுக்குள் கரப்பான் முட்டைக்கூடுகள். ஆறையும் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் மூச்சு விட்டேன். பைண்டிங் செய்கிறவர்கள் பூச்சி வராமல் இருக்க பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், குழந்தை உள்ள வீட்டில் வேண்டாம். இப்போது நான் ஃபெவிகால் இரண்டு பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு கலந்து தடவுகிறேன். வெட்டிய ஓரங்களில் நெளிக் குழாய் வாய் திறந்திருந்தால் காகித டேப்பால் மூடிவிடுகிறேன்.

துணி ஒட்டினதும் அட்டை வில்லு மாதிரி வளைஞ்சுடுச்சு.

ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருப்பீர்கள். ஈரத் துணி காயும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கிறது. மறுபக்கமும் ஏதாவது ஒன்றை, பழைய காலண்டர் தாள் என்றாலும் சரி, ஒட்டிவிட்டால் இரண்டு பக்க இழுப்பும் சமமாகி அட்டை நேராகிவிடும். மடக்கி ஒட்ட முக்கால் இஞ்ச் துணி விடுங்கள். மூலையில் துணியைச் சாய்வாக வெட்டிவிட்டு மடித்தால் குமிழ் வராது.

ஹார்லிக்ஸ் பாட்டில்ல லேபிள் பசை போகவே மாட்டேங்குது.

காகிதம் வேறு, பசை வேறு. காகிதம் வெதுவெதுப்பான தண்ணீரில் சலவை சோடா போட்டு ஒரு மணி நேரம் ஊறினால் வந்துவிடும். மிஞ்சிய பிசுபிசுப்பைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது, எண்ணெய்தான் இளக்கும். தேங்காய் எண்ணெய் தடவி அரை மணி விட்டு, பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டி, அப்புறம் பாத்திரப் பொடி. அவசரம் என்றால் நீலகிரித் தைலம் இரண்டு சொட்டு. மண்ணெண்ணெயிலும் போகும், ஆனால் சாப்பாட்டுச் சாமான் போடப்போகிற பாட்டிலுக்கு வேண்டாம். பிளாஸ்டிக்கில் தின்னர் தடவாதீர்கள், வெளுத்து மங்கிவிடும்.

சில ஐஸ்கிரீம் டப்பாக்களில் படம் உரியவே உரியாது. அது ஒட்டியது இல்லை, டப்பாவை வார்க்கும்போதே அச்சுக்குள் வைத்துச் சேர்த்தது. நகம்தான் போகும். அப்படியே விடுங்கள், அல்லது மேலே துணியைச் சுற்றித் தைத்துவிடுங்கள்.

ஊறுகாய் பாட்டில் எத்தனை தடவை கழுவினாலும் வாசனை வருது.

கண்ணாடியில் வாசனை தங்காது. மூடியை மோந்து பாருங்கள், அதற்குள் இருக்கும் வட்டத் தகடுதான் காரணம். அதைக் கழற்றிக் கழுவி வெயிலில் வையுங்கள், அல்லது மூடியை மாற்றுங்கள். பிளாஸ்டிக் டப்பா என்றால் எண்ணெய் உள்ளேயே இறங்கியிருக்கும். ஆப்ப சோடா கரைசலில் ஒரு ராத்திரி, ஒரு பகல் வெயில். அதற்கும் போகவில்லையா, ஸ்க்ரூவும் ஆணியும் போட அது லாயக்கு.

கண்ணாடி பாட்டிலைக் கொதிக்க வைப்பவர்கள் பச்சைத் தண்ணீரில் வைத்தே சூடேற்றுங்கள். குளிர்ந்த பாட்டிலில் கொதிக்கிற எதை ஊற்றினாலும் விரிசல் விடலாம்.

பிளாஸ்டிக் டப்பாவுக்கு அடியில முக்கோணத்துல நம்பர் இருக்கே, அத பார்க்கணுமா?

பார்த்தால் பாதிச் சந்தேகம் தீரும். அந்த எண் என்ன வகை பிளாஸ்டிக் என்று மட்டும் சொல்கிறது. நல்லது கெட்டது என்று மார்க் போடுவதில்லை. தண்ணீர், கூல்டிரிங்ஸ் பாட்டில்கள் 1. ஷாம்பு, பினாயில் பாட்டில்கள் பெரும்பாலும் 2. பால் கவர் 4. தயிர் கப், ஐஸ்கிரீம் டப்பா, ஓட்டல் பார்சல் டப்பா பெரும்பாலும் 5. தெர்மாகோல் 6.

வேலைக்கு வேண்டியது இவ்வளவுதான்: 1 வெட்ட எளிது, சூட்டில் சுருங்கும். 2, 5 இரண்டும் பசை ஏற்காதவை, மேலே சொன்னபடி கட்டத்தான் வேண்டும். 6 நொறுங்கும், தின்னர் கலந்த பசை பட்டால் கரைந்தே போகும். 3 என்று இருந்தால் அதைச் சூடுபண்ணாதீர்கள், வரும் புகை நெஞ்சை அரிக்கும்.

ஐஸ்கிரீம் டப்பா, ஓட்டல் கறுப்பு டப்பால எல்லாம் மளிகை போட்டு வைக்கலாமா?

பருப்பு, அவல், முறுக்கு மாதிரி காய்ந்த, ஆறிய சாமான் போடலாம். சூடான குழம்பு, எண்ணெய்ப் பலகாரம் சுடச்சுட, உப்பு புளி ஊறும் ஊறுகாய் எதுவும் வேண்டாம். உள்ளே கீறல் விழுந்து வெளுத்துவிட்டால் சாப்பாட்டிலிருந்து விலக்கி வேறு சாமானுக்கு மாற்றிவிடுங்கள். நான் என் வீட்டில் கண்ணாடியை மளிகைக்கும், பிளாஸ்டிக்கைத் தையல் சாமானுக்கும் என்று பிரித்துவிட்டேன். யோசிக்க வேண்டியதில்லை.

அலமாரியில் செய்தித்தாள் விரித்து மேலே பாட்டில் வைப்பதில் தப்பில்லை. ஆனால் டப்பாவுக்குள்ளே செய்தித்தாள் போட்டு அதன்மேல் வடையோ பொரியோ வைக்காதீர்கள். மை சாப்பாட்டில் ஏறும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்திருக்கிறது.

எதை எல்லாம் தொடவே கூடாது?

பூச்சிமருந்து, எலிமருந்து, உரம், ஆசிட், இன்ஜின் ஆயில் வந்த டப்பாக்கள். கழுவினால் போய்விடும் என்று நினைக்காதீர்கள், செடி வைக்கக்கூட வேண்டாம்.

இதைவிடப் பயப்பட வேண்டியது தலைகீழாகச் செய்வது. பினாயிலையும் மண்ணெண்ணெயையும் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கிற பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. தாகத்தில் வரும் குழந்தை பாட்டிலின் உருவத்தைத்தான் பார்க்கும். பேர் எழுதி ஒட்டியிருக்கிறேன் என்பார்கள். படிக்கத் தெரியாத வயதுதானே ஆபத்தான வயது.

பாட்டிலை வெட்டினா ஓரம் கையைக் கிழிக்குது.

இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்து, அதன் அடித்தட்டின்மேல் ஒரு பருத்தித் துணியை மடித்துப் போட்டு, வெட்டிய வாயை அதன்மேல் இரண்டு மூன்று விநாடி லேசாக அழுத்தி எடுங்கள். தண்ணீர், கூல்டிரிங்ஸ் பாட்டிலின் 1ஆம் எண் பிளாஸ்டிக் 70, 80 டிகிரியிலேயே சுருங்கத் தொடங்கும். ஓரம் உள்பக்கமாக மடிந்து வளையல் மாதிரி மழுங்கிவிடும். அதிக நேரம் வைத்தால் கோணிக்கொள்ளும். முதலில் வீணான துண்டில் பழகுங்கள். வெட்டும்போது கத்தியால் ஒரு வாய் மட்டும் கீறி, மீதியைக் கத்தரிக்கோலால் சுற்றி வாருங்கள். துணி வெட்டும் கத்தரிக்கோலைத் தொட்டால் தையல்காரர் யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

பவுடர் டின், பால் பவுடர் டின்?

வெட்டாமல் பயன்படுத்துங்கள். தகர ஓரத்தை வீட்டில் மழுக்குவது கஷ்டம். முன்பெல்லாம் டால்டா டின் காலியானால் அதில் துளசி வைப்பார்கள், அவர்களும் வெட்டவில்லை. உப்பு மட்டும் போடாதீர்கள், துருப்பிடிக்கும்.

முட்டை அட்டை குழி குழியா அழகா இருக்கே, கம்மல் போட்டு வைக்கலாமா?

வேண்டாம். முட்டையின் மேலிருக்கும் கிருமி அட்டையில் ஊறியிருக்கும், கழுவவும் முடியாது. முட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.

கம்மல், ஹூக், மணி மாதிரி பொடிச் சாமானுக்குத் தீப்பெட்டி நல்லது. ஆறு பெட்டியை அடுக்கி ஒட்டினால் குட்டி பீரோ. உரசும் பக்கத்தை உள்ளே வைத்து ஒட்டுங்கள், அந்தப் பழுப்புப் பொடி கையிலும் சாமானிலும் ஒட்டும். ஒரு மணியைக் கோத்து ஒவ்வொரு அறைக்கும் குமிழ் வைக்கலாம். தீப்பெட்டி விலை பதினாலு வருஷம் ஒரு ரூபாயிலேயே நின்று 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது. இதைவிட மலிவாக டிராயர் எங்கே கிடைக்கும்?

ஊசி, பாபின் எல்லாம் துருப்பிடிக்குது. எதுல வைக்கறது?

தண்ணீரில் போட்டால் பொங்கிக் கரையும் மாத்திரை ஒரு குழாய் டப்பாவில் வருமே, அதுதான். அதன் மூடிக்குள் ஈரம் உறிஞ்சும் குருணை இருக்கிறது. பாபின் குறுக்களவு இரண்டு சென்டிமீட்டர் என்பதால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க அளவெடுத்த மாதிரி உட்காரும். குருணை நாளாவட்டத்தில் ஈரத்தால் நிறைந்துவிடும். அப்போது செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைச் சேர்த்துப் போடுங்கள். அந்தப் பொட்டலத்தைச் சாப்பாட்டு டப்பாவில் போடக்கூடாது.

ஜூஸ் வர்ற டெட்ரா பேக் தண்ணிக்குத் தாங்கும்தானே? பாத்ரூம்ல வைக்கலாமா?

பிளாஸ்டிக் படலம் உள்ள உள்பக்கம் தாங்கும். ஆனால் அதன் எடையில் முக்கால் பங்கு காகிதம்தான். மேலே பிளாஸ்டிக் படலம், நடுவில் அலுமினியத் தாள். நீங்கள் வெட்டிய ஓரத்தில் காகிதம் திறந்துகொள்கிறது, தண்ணீர் அங்கே புகுந்து ஊறும். மேல் ஓரத்தை வெளிப்பக்கமாக ஒரு இஞ்ச் மடித்து டேப் சுற்றினால் சில மாதம் வரும். உலர்ந்த இடத்தில் வைத்தால் வருஷக்கணக்கில் வரும். பாத்ரூமுக்கு நான் ஷாம்பு பாட்டிலைத்தான் சாய்வாக வெட்டி, அடியில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன்.

பால்கனியில தொங்க விடலாம்னு பாட்டில் எல்லாம் வெட்டி வெச்சிருக்கேன்.

அடியில் ஓட்டை போட்டீர்களா? டெங்கு பரப்பும் கொசுவுக்குக் கால் டம்ளர் மழைத்தண்ணீர் போதும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள். தண்ணீரைக் கொட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்க முடியாது. சுவரில் ஒட்டியிருக்கும் முட்டை பல மாதம் காய்ந்து கிடந்து அடுத்த மழையில் பொரிக்கும். அதனால் வாரம் ஒருமுறை உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். வெட்டிவைத்துப் பயன்படுத்தாத பாட்டில்களைக் கவிழ்த்து வையுங்கள்.

செல்போன் பெட்டியைத் தட்டாக்கிக்கலாம்னு சொல்றீங்க. வாரண்டிக்கு வேணாமா?

வாரண்டிக்குப் பெரும்பாலும் பில்தான் கேட்கிறார்கள். ஆனால் பெட்டியில் ஒட்டியிருக்கும் பதினைந்து இலக்க ஐஎம்இஐ எண், அதாவது அந்த போனுக்கென்றே உள்ள அடையாள எண், முக்கியம். போன் தொலைந்து போலீஸில் புகார் கொடுக்கவும், மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனை முடக்கவும் அது தேவை. ஸ்டிக்கர் உள்ள பக்கத்தைப் படம் எடுத்து வேறு யாருக்காவது அனுப்பி வையுங்கள். அதே போனில் மட்டும் வைத்தால் என்ன பிரயோஜனம்? ஸ்டிக்கரை வெட்டாமல் விட்டால் இன்னும் நல்லது.

பார்சல் அட்டையில் உங்கள் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர் இருக்கும். அக்கம்பக்கத்தில் கொடுப்பதானாலும் பேப்பர் கடைக்குப் போடுவதானாலும் அதைக் கிழித்துவிடுங்கள்.

மாத்திரை, பேட்டரி இதெல்லாம் ஒரே டின்ல போட்டு வெச்சிருக்கேன், பரவாயில்லையா?

பிரித்துவிடுங்கள். தகர டின் மின்சாரம் கடத்தும். பட்டன் செல்லோ சதுர பேட்டரியோ சாவி, நாணயத்தோடு உரசினால் சூடேறும், தீப்பிடித்ததும் உண்டு. பேட்டரிக்குப் பிளாஸ்டிக் டப்பா, முனையில் டேப். பட்டன் செல்லைக் குழந்தை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும், அதனால் டப்பா உயரத்தில் இருக்கட்டும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மாத்திரையை அட்டையிலிருந்து பிய்த்துப் போட்டு வைக்காதீர்கள். காலாவதித் தேதி ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும், வெட்டும்போது அந்த ஓரத்தைக் கடைசிவரை விட்டுவையுங்கள்.

கொலு பொம்மை வைக்க ஏதாவது சொல்லுங்களேன்.

மெடிக்கல் ஷாப்பில் டானிக் பாட்டில்கள் வரும் அட்டைப்பெட்டியைக் கேளுங்கள். உள்ளே கட்டம் போட்ட தடுப்போடு வரும், நான் மேலே சொன்ன அதே செருகு வேலை, ஆலையிலேயே செய்தது. சின்னப் பொம்மைகள் ஆளுக்கொரு அறையில் நிற்கும். பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் சுற்றினால் ஈரம் தங்கி மண் பொம்மையில் பெயிண்ட் உரியும். பெட்டியின் மேல் எந்தப் படி என்று எழுதிவிட்டால் அடுத்த புரட்டாசியில் பாதி நேரம் மிச்சம்.

இதெல்லாம் நிஜமாவே சுற்றுச்சூழலுக்கு நல்லதா, இல்ல நம்ம மனசுக்கா?

அட்டையைப் பொறுத்தவரை பெரும்பாலும் மனசுக்குத்தான். அட்டையும் செய்தித்தாளும் பால் கவரும் பழைய பேப்பர் கடைக்குப் போனால் விலைக்குப் போய் மறுபடி உருவாகின்றன. நாம் அட்டையில் துணியும் பசையும் ஒட்டிவிட்டால் அப்புறம் பேப்பர் கடைக்காரர் எடுக்கமாட்டார். அதனால்தான் செருகு தடுப்பை இவ்வளவு சிபாரிசு செய்கிறேன்; பிரித்து மடித்தால் திரும்ப வெறும் அட்டை.

லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. கடையில் புதிதாக ஒரு பிளாஸ்டிக் தடுப்புத் தட்டு வாங்காமல் விட்டோமே, அது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பலவற்றுக்குத் தடை இருக்கிறது. ஆனால் பொருளோடு சேர்ந்து வரும் டப்பா வந்துகொண்டுதான் இருக்கிறது. பேப்பர் கடையில் சீந்தாத டப்பாவை இரண்டு வருஷம் உழைக்க வைத்தால் நல்லதுதான். சிப்ஸ் கவரில் பை பின்னுவது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை, பத்து நாள் வேலைக்கு ஒரு மாதம் வரும் பை.

வீடே காயலான் கடை ஆகிடுச்சுன்னு வீட்டுக்காரர் திட்டறார்.

அவர் பக்கமும் நியாயம் இருக்கலாம். முதல் கேள்விக்குச் சொன்ன பதிலைத் திரும்பப் படியுங்கள். சாமான் இல்லாத டப்பா வெறும் டப்பாதான். எங்கள் வீட்டில் ஒரு கணக்கு: காலி டப்பாக்களுக்கு ஒரே ஒரு அரிசிப் பை. அது நிறைந்தால் புதிது ஒன்று உள்ளே வர பழையது ஒன்று வெளியே போக வேண்டும். போகிக்கு முந்தின வாரம் பையைக் கவிழ்த்து, ஒரு வருஷமாகத் தொடாததைப் பேப்பர் கடைக்குப் போடுகிறேன். போகியன்று எரிப்பதில்லை, பிளாஸ்டிக் புகையை நம் குழந்தைகள்தான் சுவாசிக்க வேண்டும்.

இவ்ளோ அழகா பண்றீங்களே, வித்தா என்ன?

முயன்றேன். துணி ஒட்டிய ஒரு டிராயர் பெட்டிக்கு அளந்து வெட்டி மடிக்க முக்கால் மணி, ஒட்ட ஒரு மணி, காய ஒரு ராத்திரி. நூறு ரூபாய் சொன்னால், "பழைய அட்டைதானே அக்கா" என்கிறார்கள். அந்த நேரத்தில் இரண்டு பிளவுஸுக்கு ஹெம்மிங் முடித்து ஹூக்கும் கட்டிவிடுவேன். இப்போது யாராவது கேட்டால் அட்டையும் ஸ்கேலும் எடுத்துவரச் சொல்லி, துணி தைத்து முடியும்வரை பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யச் சொல்லிக்கொடுக்கிறேன்.